போகையில் ஒரு கோடு, வருகையில் ஒரு கோடு

திரையில் சிக்னல் அளவைக் காட்டும் இரண்டு கோடுகள். நீலக் கோடு, ஆன்டெனா இடமிருந்து வலம் போனபோது எடுத்தது. சிவப்புக் கோடு, அதே ஆன்டெனா திரும்பி வந்தபோது எடுத்தது. அதே அறை, அதே அதிர்வெண், நடுவில் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படிய வேண்டும். படியவில்லை. நீலத்தில் 143-ஆவது மில்லிமீட்டரில் இருந்த பள்ளம் சிவப்பில் 151-க்குத் தள்ளிப் போயிருந்தது. ஆழமும் ஆறு டெசிபல் குறைந்திருந்தது.

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் மொத்தமும் ஒரே ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: ஆன்டெனா எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்தால், அங்கே சிக்னல் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். அந்த நம்பிக்கையை நானே கட்டிய கருவி மேஜை மேல் உட்கார்ந்து பொய்யாக்கிக்கொண்டிருந்தது. இரண்டு கோடுகளையும் சேர்த்து வைக்க நான்கு மாதம் ஆனது. அதில் எதையெல்லாம் சந்தேகப்பட்டேன், எது உண்மையில் குற்றவாளி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆய்வேட்டில் இதெல்லாம் ஒரு பத்தியாகச் சுருங்கிவிடும்.

முதலில், எதற்கு ஆன்டெனாவை நகர்த்த வேண்டும்? அறைக்குள் ரேடியோ அலை ஒரே வழியாக வருவதில்லை. நேராக ஒன்று, சுவரில் பட்டு ஒன்று, இரும்பு அலமாரியில் பட்டு ஒன்று என்று பல வந்து கூடுகின்றன. ஒரு புள்ளியில் அவை கைகோத்துக்கொள்ளும். சில சென்டிமீட்டர் தள்ளி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இதுதான் ஃபேடிங். எல்லாத் திசையிலிருந்தும் அலை வந்து மோதும் இடத்தில், சிக்னல் சராசரியைவிட 10 டெசிபல் கீழே, அதாவது சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே, போய்க் கிடப்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 9.5 சதவீதம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு இடங்களில் நல்லதைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் அதே வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். தொடர்பில்லாத இடம் என்றால் ரொம்பத் தூரம் இல்லை. அலைநீளத்தில் 0.38 பங்கு தள்ளினாலே போதும். 2.45 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.24 சென்டிமீட்டர், ஆக 4.7 சென்டிமீட்டர்.

நாலு ஆன்டெனா வைத்து நல்லதைத் தேர்ந்தெடுப்பது பழைய வழி. ஒரே ஆன்டெனாவை நல்ல இடத்துக்குக் கொண்டுபோவது இன்னொரு வழி. 2020-இல் கை-கிட் வோங்கும் உடன் ஆய்வாளர்களும் ஃப்ளூயிட் ஆன்டெனா என்ற பெயரில் இதைக் கணக்காக முன்வைத்தார்கள். 2022-இல் லிபெங் ஜூ, வென்யான் மா, ரூய் ஜாங் மூவரும் மூவபிள் ஆன்டெனா என்ற பெயரில் அலைப்பாதைகளை வைத்து ஒரு மாடல் தந்தார்கள். அதற்கப்புறம் கட்டுரைகள் குவிந்துகொண்டே இருக்கின்றன. நான் படித்தவற்றில் பெரும்பாலானவை சிமுலேஷன். நானும் இரண்டு வருடம் அதைத்தான் செய்தேன். ஒரு நாள் என் கைடு வரைபடங்களைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "எல்லாம் சரிம்மா. ஒரு ஆன்டெனாவையாவது கையால நகர்த்திப் பாத்திருக்கியா?"

இல்லை. அன்று சாயங்காலமே ஒரு மர ஸ்கேலின் நுனியில் ஆன்டெனாவை டேப் போட்டு ஒட்டி மேஜை விளிம்பில் தள்ளிப் பார்த்தேன். மூன்று சென்டிமீட்டரில் சிக்னல் பொத்தென்று விழுந்தது. இன்னும் மூன்று சென்டிமீட்டரில் எழுந்து வந்தது. நூறு முறை வரைந்து பார்த்த வளைவுதான். ஆனாலும் கையில் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்போது வேறு மாதிரி இருந்தது.

அடுத்தது ரயில். 40 சென்டிமீட்டர் ஓட்டமுள்ள அலுமினியத் தடம், அதன்மேல் பேரிங் வைத்த வண்டி, ஒரு ஸ்டெப்பர் மோட்டார், பல்வைத்த பெல்ட். கணக்கு எளிது: மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், பெல்ட்டின் பல் இடைவெளி 2 மில்லிமீட்டர், புல்லியில் 20 பல். ஒரு சுற்றுக்கு 40 மில்லிமீட்டர், ஒரு ஸ்டெப்புக்கு 0.2 மில்லிமீட்டர். மோட்டாரை ஓட்டும் டிரைவரில் 16 மைக்ரோஸ்டெப் போட்டால், அதாவது ஒரு ஸ்டெப்பைப் பதினாறாகப் பிரித்தால், 0.0125 மில்லிமீட்டர். இந்த எண்ணைப் பார்த்து நான் பூரித்துப்போனதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. காரணம் பின்னால் வரும்.

ஒரு முனையில் லிமிட் சுவிட்ச், அதுதான் பூஜ்யம். வண்டி 4 மில்லிமீட்டர் நகரும், நிற்கும், 300 மில்லிசெகண்ட் காத்திருக்கும், அளக்கும். மொத்தம் 101 புள்ளிகள். ஆன்டெனா நானே வெட்டியது: கால் அலைநீளக் கம்பி, அடியில் நாலு சென்டிமீட்டர் சதுரத் தகடு.

அளப்பதற்கு முதலில் இரண்டு எஸ்.டி.ஆர். (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) பெட்டிகளை வைத்தேன், ஒன்று அனுப்ப, ஒன்று வாங்க. முதல் வாரம் எடுத்த வரைபடங்கள் எல்லாம் தட்டையாக, குளத்துத் தண்ணீர் மாதிரி இருந்தன. ஃபேடிங்கே இல்லாத அறை! வாங்கும் பெட்டியில் தானியங்கி கெயின் ஆன் ஆகியே இருந்திருக்கிறது. சிக்னல் விழும்போதெல்லாம் அது தூக்கிவிட்டிருக்கிறது. அதை அணைத்ததும் மேடு பள்ளம் வந்தது. ஆனால் எனக்கு அலையின் அளவு மட்டும் போதாது, கட்டமும் (ஃபேஸ், அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது) வேண்டும். பாதைகளின் திசையைக் கண்டுபிடிப்பது கட்டத்தை வைத்துத்தான். இரண்டு பெட்டிக்கும் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் கிரிஸ்டல் தனித்தனி. பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 2.45 கிகாஹெர்ட்ஸில் 2450 ஹெர்ட்ஸ் வித்தியாசம். அதாவது கட்டம் நொடிக்கு 2450 முறை சுற்றும். பொதுவான கிளாக் கொடுத்து இதைச் சரிசெய்யலாம்தான். பக்கத்து ஆய்வகத்தில் ஒரு நெட்வொர்க் அனலைசர் (அலையை அனுப்பி, வாங்கி, அளவையும் கட்டத்தையும் அளக்கும் கருவி) சும்மா கிடந்ததால் அந்தத் தலைவலியை நான் வாங்கிக்கொள்ளவில்லை. அனலைசரில் அனுப்புவதும் வாங்குவதும் ஒரே பெட்டி, ஒரே கிளாக். இரண்டு கேபிள் இழுத்தால் போதும்.

அந்தக் கேபிள்தான் பின்னால் என்னை ஆட்டிவைத்தது. ஆனால் முதலில் சந்தேகப்பட்டது பெல்ட்டை.

பள்ளம் எட்டு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறதே, பெல்ட் தளர்ந்திருக்கும் என்று நினைத்து இறுக்கினேன். ஒன்றும் மாறவில்லை. இன்னும் இறுக்கினேன். மோட்டார் முனகியது, கோடுகள் அப்படியே. கடைசியில் தடத்தின் ஓரம் ஒரு காகித ஸ்கேலை ஒட்டி, வண்டியில் ஒரு ஊசியைக் குத்தி, உட்கார்ந்து கண்ணால் பார்த்தேன். வண்டி போய்த் திரும்பி பூஜ்யத்துக்கு வந்ததாக மென்பொருள் சொன்னபோது ஊசி மூன்று மில்லிமீட்டரில் நின்றது. பெல்ட்டுக்குப் பேனாவால் ஒரு கோடு, புல்லிக்கு ஒரு கோடு, மோட்டார் ஷாஃப்ட்டுக்கு ஒரு கோடு போட்டேன். பெல்ட்டும் புல்லியும் சேர்ந்தே சுற்றின. திசை மாறும்போது ஷாஃப்ட்டின் கோடு மட்டும் ஒரு துளி முன்னால் ஓடியது. புல்லியைப் பிடிக்கும் குட்டித் திருகு, ஷாஃப்ட்டின் தட்டையான பக்கத்தில் உட்காராமல் வளைந்த பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. கழற்றித் திருப்பி, தட்டைப் பக்கத்தில் வைத்து, திருகுப் பசை ஒரு சொட்டு விட்டு இறுக்கினேன். இப்போது ஐம்பது முறை போய் வந்தாலும் ஊசி அதே கோட்டில் நின்றது.

சரி, முடிந்தது என்று ஸ்கேன் ஓட்டினேன். பள்ளத்தின் தள்ளல் எட்டிலிருந்து ஐந்துக்கு வந்தது. அவ்வளவுதான்.

மீதி ஐந்து எங்கே? அதைக் கண்டுபிடித்தது திட்டமிட்டு இல்லை. வண்டி நின்றுகொண்டிருந்தது, திரையில் எண் அசையாமல் இருந்தது. தரையில் விழுந்த ஸ்பேனரை எடுக்கக் குனிந்தபோது என் கை கேபிளில் பட்டது. எண் மூன்று டெசிபல் குதித்தது. கையை எடுத்தேன், திரும்பி வந்தது. இரண்டு விரலால் கேபிளைப் பிடித்து மெல்ல வழித்துக்கொண்டே போனேன். எண் ஏறி இறங்கி, ஏறி இறங்கி... ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டருக்கு ஒரு தடவை. அரை அலைநீளம்!

அதாவது கேபிளின் மேல் உறையும் ஆன்டெனாவாக வேலை செய்துகொண்டிருந்தது. நாலு சென்டிமீட்டர் தகடு இந்த அலைநீளத்துக்கு ரொம்பச் சின்னது. கம்பியில் ஓடும் மின்னோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் அந்தத் தகட்டில் இடம் போதாமல், மிச்சம் கேபிளின் வெளி உறை வழியாக வழிந்து ஓடுகிறது. நான் நகர்த்தியது மூன்று சென்டிமீட்டர் கம்பியை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அரை மீட்டர் கேபிளையும் சேர்த்து ஆட்டிக்கொண்டிருந்தேன். போகும்போது கேபிள் ஒரு மாதிரி வளைகிறது, வரும்போது வேறு மாதிரி. பிறகு எப்படிக் கோடுகள் ஒட்டும்?

இதற்கு மருந்து பழையது. கம்பி-தகட்டை விட்டுவிட்டு, எதிரெதிராக நீளும் இரண்டு கைகள் உள்ள அரை அலைநீள டைபோல் ஆன்டெனா செய்து, கேபிளின் மேல் கால் அலைநீளப் பித்தளைக் குழாய் ஒன்றைப் போர்த்துவது. குழாயின் ஆன்டெனாப் பக்க வாய் திறந்திருக்கும்; மறுபக்கம் கேபிளின் வெளி உறையான உலோக வலையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். கால் அலைநீளம் தள்ளி ஷார்ட் ஆன குழாய், திறந்த வாயில் பெரிய தடையாகத் தெரியும். வெளி உறையில் வழியும் மின்னோட்டம் அங்கேயே நின்றுவிடும். நீளம் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் கீழே.

முதல் குழாயை நாசமாக்கினேன். கையில் கிடந்தது ஆர்.ஜி.174 கேபிள். பித்தளை சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஈயம் பிடிக்கவே பிடிக்காது. 350 டிகிரி இரும்பை வைத்து ஒரு நிமிடம் அழுத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் ஈயம் அழகாக ஓடியது. மீட்டரை வைத்தால் நடுக் கம்பியும் வலையும் ஷார்ட். வெட்டிப் பார்த்தேன்: உள்ளே பாலிதீன் உருகி, நடுக் கம்பி ஒரு பக்கம் சாய்ந்து வலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவது முறை ஆர்.ஜி.316 எடுத்தேன். அதில் உள்ளே இருப்பது பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்), 327 டிகிரி வரை உருகாது. வலையின் மேல் முதலில் மெல்லிய பூச்சாக ஈயம் ஏற்றினேன். பித்தளைக் குழாயைத் தனியாகச் சூடாக்கி, அப்புறம் உள்ளே நுழைத்தேன். பத்து நொடியில் வேலை முடிந்தது. விரலால் கேபிளை வழித்துப் பார்த்தேன், எண் 0.2 டெசிபலுக்கு மேல் ஆடவில்லை. அந்த நிமிடம் தந்த சந்தோஷத்தை இரண்டு வருட சிமுலேஷனில் பார்த்ததில்லை.

கேபிளின் இன்னொரு குற்றமும் உண்டு. வளைந்தால் அதற்குள் போகும் அலையின் கட்டம் மாறும். இந்தக் கேபிளுக்குள் அலை, வெற்றிடத்தில் போகும் வேகத்தில் 70 சதவீதம்தான் போகிறது. ஆகவே நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் கட்டத்தில் நாலு டிகிரி பிசகும். இதைத் தனியாக அளக்க ஒரு வழி இருக்கிறது. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, கேபிள் முனையில் ஷார்ட் மூடியைப் போட்டு, வண்டியை மட்டும் ஓட்டித் திரும்பி வரும் அலையின் கட்டத்தைப் பார்ப்பது. போய்வருவதால் பிசகு இரட்டிப்பாகத் தெரியும், பாதியாக்கிக்கொள்ள வேண்டும். எனக்கு 14 டிகிரி ஆடியது, அதாவது ஒருவழிக்கு ஏழு. கேபிளைத் தொங்கவிடாமல் பிளாஸ்டிக் கேபிள் செயினுக்குள் போட்டதும் மூன்றுக்கு வந்தது. அந்த மூன்றையும் இடவாரியாகக் குறித்துவைத்து மென்பொருளில் கழித்துவிட்டேன்.

இப்போது பள்ளத்தின் தள்ளல் இரண்டு மில்லிமீட்டர். ஆனால் இன்னொரு விஷயம் உறுத்தியது. கோடுகள் ஒன்றோடொன்று நெருங்கிவிட்டன, சரி. அவை உண்மையைத்தான் சொல்கின்றனவா? இரண்டும் சேர்ந்தே பொய் சொல்லலாமே. ஆன்டெனாவைக் கழற்றி, தடத்தின் பக்கத்தில் ஒரு மரக் கட்டையில் நிறுத்திவிட்டு, வெறும் வண்டியை ஓட்டினேன். ஆன்டெனா அசையவில்லை, எண்ணும் அசையக்கூடாது. இரண்டு டெசிபல் அலைந்தது. வண்டியின் இரும்பு பேரிங்குகளும் தகடும் அலையைத் தெறிக்கவிடுகின்றன. வண்டி நகர நகர அறையே மாறுகிறது. சமன்பாட்டில் ஆன்டெனா மட்டும் நகரும். அறை அப்படியே நிற்கும். என் மேஜையில் அப்படி இல்லை.

ஆன்டெனாவை வண்டியிலிருந்து 35 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடி நாரிழைக் குச்சியின் மேல் ஏற்றி, வண்டிக்கும் தடத்துக்கும் மேல் அலை உறிஞ்சும் கருப்பு ஸ்பாஞ்சைப் பரப்பினேன். வெறும் வண்டி ஓட்டத்தில் அலைச்சல் 0.3 டெசிபலுக்கு இறங்கியது. ஆனால் உயரக் குச்சி என்றால் ஆட்டம். வண்டி நின்ற பிறகும் ஆன்டெனா தலையாட்டிக்கொண்டே இருந்தது. 300 மில்லிசெகண்ட் போதவில்லை, 1.2 செகண்ட் காத்திருக்க வேண்டியதாயிற்று. வேகத்தைத் திடீரென்று ஏற்றி இறக்காமல் வழுவழுப்பாக மாற்றியதில் கொஞ்சம் குறைந்தது. குச்சியைக் குட்டையாக்கினால் வண்டி குறுக்கிடுகிறது, உயரமாக்கினால் காத்திருப்பு கூடுகிறது. நடுவில் எங்கேயோ சமரசம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

அறைக்குள் இன்னொரு இடைஞ்சல், நான். காலையில் எடுத்த ஸ்கேனுக்கும் மாலையில் எடுத்ததற்கும் வித்தியாசம் இருந்தது. நான் உட்காரும், சக்கரம் வைத்த நாற்காலியை எங்கே விட்டேன் என்பதைப் பொறுத்து மேடுகள் இடம் மாறின. அதன் இரும்புக் கால்கள், அதன்மேல் தண்ணீர் நிரம்பிய மூட்டையாக நான். நாற்காலியை வெளியே தள்ளிவிட்டு, ஒரு நிமிடத் தாமதத்தோடு ஸ்கிரிப்டை ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வராந்தாவில் நிற்கப் பழகினேன். ஒரு வரைபடத்தில் 212-ஆவது மில்லிமீட்டரில் மட்டும் கூரான ஒரு பல் இருக்கிறது. யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போன இடம். அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அப்படியும் ஒரு நடுக்கம் போகவில்லை. வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி ஆயிரம் முறை தொடர்ந்து அளந்து, அந்த எண்களில் எந்த அதிர்வெண் ஒளிந்திருக்கிறது என்று பார்த்தேன். 15 ஹெர்ட்ஸில் ஒரு முள். மோட்டாரா? அணைத்துப் பார்த்தேன், முள் இருந்தது. அனலைசரின் பவர் சப்ளையா? மாற்றினேன், இருந்தது. இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் உள்ளே வந்த ஜூனியர் மேலே பார்த்துவிட்டு, "அக்கா, ஃபேன் ஓடிட்டு இருக்கே" என்றாள். மூன்று இறக்கை, நிமிடத்துக்கு 300 சுற்று, நொடிக்கு ஐந்து. ஐந்து மூன்று பதினைந்து. வியர்த்துக்கொண்டே அளப்பது என்று முடிவானது.

வைஃபை குறுக்கீட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு புள்ளியிலும் பதினொரு முறை அளந்து நடு மதிப்பை எடுத்ததும் தீர்ந்தது.

இவ்வளவுக்கும் பிறகு நீலமும் சிவப்பும் சேர்ந்தன. மேடுகளில் 0.3 டெசிபலுக்குள். பள்ளங்களில் மட்டும் இன்னும் சேரவில்லை. சில இடங்களில் பத்து டெசிபல்கூட வித்தியாசம். இதற்கும் குற்றவாளியைத் தேடி ஒரு வாரம் அலைந்தேன். அப்புறம் ஒரு காகிதத்தில் நாலு வரிக் கணக்குப் போட்டதும் புரிந்தது, இங்கே குற்றவாளியே இல்லை. மேட்டில் அலையின் வீச்சு 100 என்று வைத்துக்கொள்வோம். 25 டெசிபல் கீழே இருக்கும் பள்ளத்தில் அது 5.6. வண்டியோ, கேபிளின் மிச்சமோ, எதுவோ ஒன்று 30 டெசிபல் கீழே, அதாவது 3.2 அளவுக்கு, குறுக்கே வருகிறது. மேட்டில் 100-ஓடு 3.2 கூடினாலும் கழிந்தாலும் 0.3 டெசிபல்தான். பள்ளத்தில் கூடினால் 8.8, கழிந்தால் 2.4. ஒன்று 21 டெசிபல் பள்ளம், இன்னொன்று 32 டெசிபல் பள்ளம். அதே சின்ன அழுக்குதான். மேட்டில் கண்ணுக்குத் தெரியவில்லை, பள்ளத்தில் ஆட்டம் போடுகிறது.

இதைப் போட்டுப் பார்த்த பிறகுதான் என் 0.0125 மில்லிமீட்டர் பெருமை காற்றில் போனது. எதிரெதிராக வரும் இரண்டு சம அலைகள் சேர்ந்தால் ஆறு சென்டிமீட்டருக்கு ஒரு மேடு. மேட்டின் உச்சியிலிருந்து 3 மில்லிமீட்டர் தப்பி நின்றால் நட்டம் 0.1 டெசிபல், 5 மில்லிமீட்டர் தப்பினால் 0.3; 9 மில்லிமீட்டர் தப்பினால்தான் ஒரு டெசிபல். நல்ல சிக்னலைத் தேடிப் போவதற்கு மலிவான மோட்டாரும் தளர்ந்த பெல்ட்டும் போதும்! ஆனால் வேண்டாத சிக்னலைத் தவிர்க்கப் பள்ளத்தில் போய் ஒளிந்துகொள்ளப் பார்த்தால் கதை வேறு. சரியான பள்ளத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் தப்பினால் 26 டெசிபல் தடுப்புதான் கிடைக்கும். மூன்று தப்பினால் 16-தான். கட்டுரைகளில் இந்த இரண்டு வேலையையும் ஒரே மூச்சில், ஒரே துல்லியத்தோடு எழுதிவிடுகிறோம், நானும் எழுதியிருக்கிறேன். என் நான்காம் அத்தியாயத்தை இரண்டாகப் பிரித்தது இந்தக் காகிதம்தான்.

அடுத்த கேள்வி, 101 இடத்திலும் நின்று அளக்கத்தான் வேண்டுமா? வேண்டாம். அளவும் கட்டமும் இரண்டும் தெரிந்தால் அரை அலைநீளத்துக்குள் ஒரு புள்ளி கொள்கை அளவில் போதும். அளவு மட்டும் தெரிந்தால் கால் அலைநீளத்துக்கு ஒன்று வேண்டும். ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஒன்பது புள்ளிகளை மட்டும் எடுத்து, நாலு பாதைகள் வருவதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பெரிய பாதையைக் கண்டுபிடித்துக் கழித்துக்கொண்டே போகும் ஓ.எம்.பி. முறையில் மீதி வளைவை ஊகித்தேன். சிறந்த இடம் 268-ஆவது மில்லிமீட்டர் என்றது. முழு ஸ்கேனில் 262. நட்டம் 0.3 டெசிபல். போதும்.

கிடைத்த நாலு திசைகளை அறையில் நாடாவும் கோணமானியும் வைத்துச் சரிபார்த்தேன். ஒன்று நேர் பாதை, இன்னொன்று இரும்பு அலமாரி, மூன்றாவது இடப்பக்கச் சுவர். நாலாவது, ஒன்றுமே இல்லாத திறந்த வெளியைக் காட்டியது. மென்பொருளில் பிழை என்று ஒரு நாள் முழுக்கத் தேடினேன். நேர்த் தடத்தில் அளந்தால் தடத்தோடு அலை செய்யும் கோணம் மட்டும்தான் கிடைக்கும். அந்தக் கோணம் ஒரு கூம்பு. அலை அந்தக் கூம்பின் மேல் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம், தரையிலிருந்தோ கூரையிலிருந்தோ. ஏணியில் ஏறி, நீளக் குச்சியில் ஸ்பாஞ்சைக் கட்டி, கூரையில் அந்தக் கூம்பு படும் இடங்களை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே வந்தேன். குழல் விளக்கின் தகரப் பெட்டியை மறைத்ததும் நாலாவது பாதை காணாமல் போனது.

இதை வைத்து நடந்துகொண்டே பேசுபவரின் கைப்பேசிக்கு உதவ முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். நொடிக்கு ஒன்றரை மீட்டர் நடப்பவருக்கு டாப்ளர், அதாவது நகர்வதால் அதிர்வெண்ணில் வரும் மாற்றம், 12 ஹெர்ட்ஸ். அவரைச் சுற்றியுள்ள மேடு பள்ளம் ஏறக்குறைய 35 மில்லிசெகண்டில் வேறாகிவிடும். என் வண்டிக்கு ஆறு சென்டிமீட்டர் ஓடவே 300 மில்லிசெகண்ட் வேண்டும், தலையாட்டம் அடங்க இன்னும் 1.2 செகண்ட். ஒன்பது புள்ளிகளையும் பார்த்துவிட்டு நல்ல இடத்துக்குப் போய் நிற்க ஏறக்குறைய கால் நிமிடம். சுவரில் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கும் சென்சாருக்கு, அலமாரியை யாரோ இடம் மாற்றும்போது மட்டும் ஒருமுறை தேடிப் போவதற்கு, இது தாராளம். அப்படிப்பட்ட இடத்தில் மோட்டார் மின்சாரமும் பெரிய செலவில்லை. கிடைமட்டத் தடத்தில் வண்டி தானாக நகராது, மோட்டாரை அணைத்துவிடலாம்.

கிடைமட்டத் தடத்தில் என்று சொன்னேன். கூம்புத் தொல்லை தீர, போன வாரம் மேலும் கீழும் போகும் இரண்டாவது தடத்தை ஏற்றினேன். இந்த முறை புல்லித் திருகை முதலிலேயே தட்டைப் பக்கத்தில் வைத்துப் பசை விட்டேன். கேபிள் செயின் போட்டேன். ஃபேனை அணைத்தேன். ஸ்கேன் முடிந்ததும் வழக்கம்போல ஸ்கிரிப்ட் மோட்டாரை அணைத்தது. செங்குத்துத் தடத்திலும் அணைத்தது. டொம் என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் வண்டி அடியில் கிடக்கிறது, டைபோலின் ஒரு கை தொண்ணூறு டிகிரி வளைந்திருக்கிறது, பித்தளைக் குழாய் மட்டும் சேதமில்லாமல் நிற்கிறது. எடைக்கு எடை தொங்கவிட ஒரு கயிறும் கப்பியும் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த எதிர் எடை இரும்பாக இருக்கக்கூடாது.